என் அண்ணன் முந்நூறு

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முந்நூறு என்பார்கள். கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்ப்பான். இதற்குக் காரணம் அவன் வாய்தான். ஆண்டெனா என்று யாராவது பேச்செடுத்தால் போதும், "மடிச்சதா, மடிக்காததா? மடிச்சதுன்னா முந்நூறு ஓம்" என்று தொடங்கிவிடுவான். பேச்செடுத்தவர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார், பாவம்.

மடித்தது என்றால் மடிப்பு டைபோல். நீளமான உலோகக் குழாயின் இரண்டு முனைகளையும் மடித்து நடுவுக்குக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று தொடாமல் விட்டிருப்பார்கள். பார்க்க ஒரு பெரிய காகிதக் கிளிப் போலிருக்கும். அந்த இடைவெளியில்தான் கேபிளை இணைக்க வேண்டும். இணைப்பதில்தான் வம்பு. ஆண்டெனாவின் இம்பீடன்ஸ், அதாவது மின்னலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, முந்நூறு ஓம்; கேபிளுக்கு ஐம்பது. அப்படியே இணைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அனுப்புகிற சக்தியில் பாதி, வாசலில் விரட்டப்பட்ட விருந்தாளி மாதிரி திரும்பி வந்துவிடும். நடுவில் ஒரு சமாதானக்காரன் வேண்டும். ஒரு துண்டு கேபிளை அளந்து வெட்டி, வளையமாக வளைத்து வைத்தால் அது முந்நூறை நாலால் வகுத்து எழுபத்தைந்து ஆக்கிவிடும். எழுபத்தைந்தும் ஐம்பதும் கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டாலும் குடும்பம் நடத்திவிடும்.

பள்ளியில் கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டவன் அண்ணன். ஆனால் முந்நூறை நாலால் வகுத்தால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பதினேழு வயதில் மாடி மாடியாக டிவி ஆண்டெனா கட்டப் போனான். அப்போது ஆண்டெனாவும் முந்நூறு, அதற்குப் போன தட்டை ஒயரும் முந்நூறு. சண்டையே கிடையாது. பிறகு உருண்டைக் கேபிள் வந்தது, சண்டையும் வந்தது, அண்ணனுக்குப் பிழைப்பும் வந்தது. இப்போது அவனுக்கு ஐம்பத்தொன்று. டாக்ஸி கம்பெனி, தீயணைப்பு நிலையம், எங்கள் படகுத்துறை என்று கோபுரம் இருக்கிற இடமெல்லாம் அவன் ஏறிய இடம்தான். தெருவில் போகும்போது யார் வீட்டு மாடியிலாவது ஆண்டெனா கோணலாக இருந்தால் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வான். பெண் பார்க்கப் போன வீட்டில் முக்கால் மணி நேரம் மொட்டை மாடியில் இருந்தானாம். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அவனிடம் ஒரு குச்சி உண்டு. ஜன்னல் திரை மாட்டும் பழைய கழியிலிருந்து வெட்டியது. அதில் கத்தியால் கீறிய ஒரே ஒரு கோடு. எங்கள் படகுத்துறை ரேடியோவுக்கு வளையம் வெட்ட அந்தக் கோடுதான் அளவு: அறுபத்தாறு சென்டிமீட்டர். டேப் எடுத்து அளக்கச் சொன்னால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். "இந்தக் குச்சி தப்பாது. தப்புறது ரேடியோ மீட்டர்தான். மீட்டரை நம்பாதே" என்பான். அவன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

நான் அந்தப் படகுத்துறையில் ரேடியோ ஆபரேட்டர். என் கணவர் அங்கேயே பெரிய படகின் டிரைவர், பதினாலு வருடமாக. நீர்த்தேக்கத்தின் அக்கரையில் மூன்று துறைகள். மூன்றாவது துறைக்குப் போகும் வழியில் மலை தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை மூக்கு என்போம். மூக்கைத் தாண்டினால் செல்போன் எடுக்காது, ரேடியோ மட்டும்தான். அதுவும் இரண்டு வருடமாகச் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. காற்று, மழை, மலை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு ஓட்டிவிட்டோம்.

மூன்று வாரத்துக்கு முன்பு மூக்குக்கு அப்பால் பெரிய படகின் இன்ஜின் நின்றுவிட்டது. நாற்பத்தொரு பயணிகள். இரண்டரை மணி நேரம் மழையில் மிதந்திருக்கிறார்கள். கடைசியில் மீன் பிடிக்கப் போன ஒருவர் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார். கரைக்கு வந்ததும் என் கணவர் நேராக என் ஜன்னலுக்கு வந்தார். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"ஏழு தடவை கூப்பிட்டேன்" என்றார்.

நான் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். அந்த நேரத்துக்கு எதிரே என் கையெழுத்தில் இருந்தது: அழைப்பு எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ரேடியோ செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு மீட்டர் இருக்கும். அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை, எல்லாம் நலம். மூன்று என்றால் செட் சூடேறிச் சாகப்போகிறது. மேனேஜருக்கு அந்த மீட்டர் சாமி. அதைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

"ஒன்னு புள்ளி ஒன்னு. இதைவிட நல்லா எந்த மெஷினும் இருக்காது. மெஷின் சரியா இருந்தா மனுஷங்க சரியில்லைன்னு அர்த்தம். ஒன்னு, அவர் கூப்பிடலை. இல்லைன்னா, நீங்க கேட்கலை. ரெண்டு பேரும் ஒரே வீடுதானே? பேசி முடிவு பண்ணுங்க. மூணாவது வெள்ளிக்கிழமை விசாரணை. யார் தப்புன்னு அன்னைக்கு எழுதிடுவேன்."

எப்படி இருக்கிறது நியாயம்! புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரில் பொய் சொல்வது யார் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானித்து வரவேண்டுமாம். அதுவரை அவருக்குப் பெரிய படகு கிடையாது. துறையில் நின்று மற்றவர்கள் வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டும் வேலை. அவர் மேல் தப்பு என்று எழுதிவிட்டால் ஆயுளுக்கும் அதே வேலைதான்.

வீட்டில் நாங்கள் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். ஒருநாள் தட்டைக் கழுவிக்கொண்டே நான்தான் தொடங்கினேன்.

"நிஜமாவே ஏழு தடவை கூப்பிட்டீங்களா?"

"நீ நிஜமாவே முழிச்சிருந்தியா?"

"என்னைப் பார்த்தா தூங்குற மாதிரியா இருக்கு?"

"என்னைப் பார்த்தா பொய் சொல்ற மாதிரி இருக்கா?"

அவ்வளவுதான். தட்டு உடையாதது என் நல்ல காலம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டு கூப்பிட மறந்திருப்பாரோ என்று ஒரு நாள் தோன்றும். நான்தான் கண் அயர்ந்திருப்பேனோ என்று மறுநாள் தோன்றும். பதினாறு வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதரை ஒரு மீட்டர் முள் வந்து இப்படிச் சந்தேகிக்க வைத்துவிட்டதே என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விசாரணை வாரம் செவ்வாய்க்கிழமை, வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் மீட்டரைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதே."

"என்னண்ணே உளர்றே? நல்லா இருந்தா நல்லதுதானே?"

"எழுபத்தஞ்சை அம்பதால வகு. ஒன்றரை. வளையம் சுத்தமா வேலை செஞ்சாலே ஒன்றரைதான் காட்டணும். ஒன்னு புள்ளி ஒன்னுன்னா நடுவுல எவனோ விழுங்குறான்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவன் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கோபுரத்தில் ஏறினான். உச்சியில் ஆண்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"இப்ப கேபிள் என் கையில இருக்கு. ஆண்டெனாவே கிடையாது. பட்டனை ஒரு செகண்ட் அமுக்கிட்டு மீட்டரைப் பாரு!"

அமுக்கினேன். எல்லாமே திரும்பி வந்து முள் கடைசிவரை ஓட வேண்டும். ஓடவில்லை. ஒன்று புள்ளி இரண்டில் சாதுவாக நின்றது.

இறங்கி வந்து விளக்கினான். கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. போகிற சக்தியைப் பாதி வழியிலேயே குடித்துவிடுகிறது. திரும்பி வருவதையும் குடித்துவிடுகிறது. எதுவும் திரும்பாததால் மீட்டர் 'ஆகா, பிரமாதம்' என்கிறது. தூரத்துப் படகிலிருந்து வரும் மெல்லிய குரலும் அதே கேபிள் வழியாகத்தானே இறங்க வேண்டும்? அதையும் குடித்துவிடுகிறது.

அப்படியானால் அவர் கூப்பிட்டிருக்கிறார். நானும் விழித்திருந்திருக்கிறேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "புதுக் கேபிள் மாத்திக்காட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

புதன்கிழமை முழுக்கப் புதுக் கேபிளை இழுத்துக் கட்டினோம். கீழே கயிறு பிடித்து என் உள்ளங்கை தோல் உரிந்தது. எல்லாம் முடிந்து மேனேஜர், என் கணவர் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன். முள் மூன்றுக்குப் போய் நின்றது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை!

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்க" என்றார் மேனேஜர். "பழைய கேபிளையே திரும்பப் போடுங்க."

என் கணவர் கயிறு கட்டும் இடத்துக்குத் திரும்பிப் போனார். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் முழுவதும் அண்ணன் மேல் இறங்கியது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால் எனக்கு மூன்று பக்கம்.

"குச்சி தப்பாது, குச்சி தப்பாதுன்னியே! இப்ப என்ன சொல்றே? அவர் வாழ்க்கை உனக்கு விளையாட்டாப் போச்சா? ஊர் உலகத்துக்கெல்லாம் கதவைத் தட்டி வைத்தியம் சொல்றே, சொந்தத் தங்கச்சி வீட்டுக்கு இதுதானா?"

அண்ணன் பதில் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மறுபடி ஏறினான். வளையத்தைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். கோபுரத்தின் அடியில் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து குச்சியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அறுபத்தாறு, மயிரிழை பிசகவில்லை. பிறகு கத்தியால் வளையத்தை நீளவாக்கில் பிளந்தான். உள்ளே வெள்ளையாக இருந்ததை நகத்தால் அழுத்தினான். நகம் பதிந்தது.

"நுரை" என்றான்.

"என்ன நுரை?"

"பழைய கேபிள்ல உள்ளே கெட்டி பிளாஸ்டிக் இருக்கும். நகம் இறங்காது. இது நுரை பிளாஸ்டிக். அலை வெளிக் காத்துல ஓடுற வேகத்துல கேபிளுக்குள்ள ஓடாது. கெட்டியில மூணுல ரெண்டு பங்கு வேகம்தான், அதனாலதான் நூறு சென்டிமீட்டருக்குப் பதிலா அறுபத்தாறு வெட்டுறோம். நுரையில அதைவிட வேகமா ஓடும். எண்பத்திரண்டு வெட்டியிருக்கணும். வளையம் பதினாறு சென்டிமீட்டர் குட்டை."

"யார் வெட்டினது?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

அந்தப் புயல் எனக்கு நினைவிருக்கிறது. வளையம் பிய்ந்து தொங்கியது. அண்ணன் வெளியூர் வேலையில் இருந்தான். வர பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அறுந்த கேபிள் வாயைத் திறந்துகொண்டு மழையைக் குடித்திருக்கிறது. வந்தவன் கடைக்காரர் கொடுத்த துண்டில், குச்சியை வைத்து, புது வளையம் வெட்டி மாட்டினான். உள்ளே கெட்டியா நுரையா என்று பார்க்கவில்லை. அதோடு சரி.

"மேல இருந்து உன்கிட்ட மீட்டர் என்னன்னு கேட்டேன்" என்றான் அண்ணன். "ஒன்னு புள்ளி ஒன்னுன்னே. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஒன்றரைக்குக் கீழ வரவே கூடாது. ஊரெல்லாம் மீட்டரை நம்பாதேன்னு சொல்ற நான், அன்னைக்கு நம்பிட்டு இறங்கிட்டேன்."

அவன் அத்தோடு நிறுத்திக்கொண்டான். மீதியை அவன் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அன்றைக்கு அவன் உடனே இறங்கவில்லை. "இரு, இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்றான். நான்தான் கீழே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "அதான் நல்லா காட்டுதே, இறங்கி வாண்ணே, நான் ஆபீஸைப் பூட்டணும்" என்று கத்தினேன்.

வியாழக்கிழமை டேப்பால் அளந்து, ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்து, எண்பத்திரண்டில் வெட்டி, வளைத்து, மாட்டி, இணைப்புகளைத் தண்ணீர் புகாமல் ரப்பர் சுற்றி மூடினான். முள் ஒன்றரையில் நின்றது. அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை. ரேடியோ அறையில் மேனேஜர், அண்ணன், நான். மூக்குக்கு அப்பாலிருந்து கூப்பிட்டுக் காட்டுவதற்காக என் கணவரைப் பெரிய படகோடு அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் மீட்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"முன்னே ஒன்னு புள்ளி ஒன்னு. இப்ப ஒன்றரை. இது முன்னேற்றமா?"

அண்ணன் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. தரையில் சுருட்டி வைத்திருந்த பழைய கேபிளை எடுத்து மீட்டரில் மாட்டினான். மறுமுனை தரையில் கிடந்தது, எதிலும் சேராமல். பட்டனை அமுக்கினான். ஒன்று புள்ளி இரண்டு.

"சார், அந்த முனையில ஒன்னுமே இல்ல. இந்த மீட்டர் இதையும் பாராட்டுது. நீங்க இதை நம்பித்தான் ஒரு மனுஷனைக் கயிறு கட்ட அனுப்பினீங்க."

மேனேஜர் அந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு துளித் தண்ணீர் அவர் விரலில் உருண்டது.

"சரி. அப்ப இது யார் தப்பு? நான் ஏதாவது எழுதணுமே."

"என் தப்பு" என்றான் அண்ணன். "வளையத்தைத் தப்பா வெட்டினது நான். கேபிள்ல தண்ணி இருக்கிறதைக் கவனிக்காதது நான். மீட்டரைப் பார்த்துட்டுச் சரின்னு போனதும் நான்."

மேனேஜர் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். "நீங்க கோபுரத்து உச்சியில இருந்தீங்க. மீட்டர் இங்க கீழே இருக்கு. எப்படிப் பார்த்தீங்க?"

என் அண்ணனுக்கு வாயடைத்துப்போனது வாழ்க்கையில் இரண்டாவது முறை. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். நீங்க கூப்பிட்டீங்களா, நீ என்ன கிழிச்சே என்று இரண்டு ஆண்களையும் கேள்வி கேட்டுக் குடைந்தவள் நான். இந்த ஒன்றுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"மீட்டரைப் படிச்சது நான் சார். இன்னொரு தடவை பார்க்கிறேன்னு அண்ணன் சொன்னாரு. ஆபீஸைப் பூட்டணும், இறங்கி வான்னு அவசரப்படுத்தினது நான். அதையும் எழுதிக்குங்க."

"உன்னை யாரு கேட்டா?" என்று அண்ணன் என் மேல் எரிந்து விழுந்தான்.

"நீ சும்மா இரு."

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். "முதல்ல படகு கேட்குதான்னு பார்ப்போம்."

காத்திருந்தோம். ஒலிபெருக்கியில் லேசான இரைச்சல் மட்டும். மூக்கைத் தாண்ட இருபது நிமிடம். இருபத்தொன்று ஆயிற்று. அண்ணன் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பெரிய படகு பேசுது. மூக்குக்கு அப்பால. கேட்குதா?"

பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல இருந்தது. பின்னால் இன்ஜின் சத்தம்கூடத் துல்லியமாக விழுந்தது. மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். பட்டனை அமுக்கினேன்.

"கேட்குது. நல்லா கேட்குது."

"பெரிய படகு பேசுது. மூக்குக்கு அப்பால. கேட்குதா?"

"கேட்குதுங்க. சொன்னேனே."

மறுபடி அதே வார்த்தைகள், அதே நிதானம். மூன்றாவது தடவை. மேனேஜர் செட்டைச் சந்தேகமாகப் பார்த்தார். "நாம பேசுறது அங்க போகலையா?" என்றார். அண்ணன் தலையாட்டி மறுத்தான். நான்காவது.

"ஏங்க, முதல் தடவையே கேட்டுடுச்சு!" என்று கத்தினேன். "போதும், திரும்பி வாங்க!"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"நீ சொல்றதும் இங்க கேட்குது" என்றார் அவர். "இன்னும் மூணு இருக்கு. பதிவேட்டை எடு. ஏழையும் எழுது."

எடுத்தேன். ஐந்தாவது வந்தது, ஆறாவது வந்தது. எழுத்து கலங்கித் தெரிந்ததால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நேரம் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏழு வரி எழுதினேன்: அழைப்பு வந்தது.